பதினேழு நொடி

செந்தூல் அடுக்குமாடியில் ஒன்பதாம் தளம்.
நடுவில் ஒற்றைச் சுவர்,
அந்தப் பக்கம் மருதப்பன் வீடு.
அவருக்குப் படம் வானத்திலிருந்து வருகிறது,
எங்களுக்குத் தரைக்கு அடியிலிருந்து.

எது தெளிவு என்று கேட்டால்
எனக்கு இரண்டும் தெரியும்.
பேச்சு நிற்பதற்கு முன்
அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து
எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன்.
அவர் வீட்டுப் பச்சை
பலமுறை துவைத்த கைலியின் பச்சை.
எங்கள் வீட்டுப் பச்சை
கடைக்காரன் இன்னும் மடிப்புப் பிரிக்காதது.
ஆட்டக்காரனின் கழுத்து வியர்வையைச்
சொட்டுச் சொட்டாக எண்ணலாம்.
எண்ணி என்ன செய்வது என்று
யுவனேஸைக் கேட்டேன்.
'மாசம் அறுபது வெள்ளி மிச்சம்மா' என்றான்.
அது நல்ல பதில்.

பேச்சு நின்றது தட்டினால்தான்.
துணிக்கழி செருகும் குழாய்க்கு நேர் மேலே
தட்டை முடுக்கிவிட்டார்.
திருகாணியில் ஊறிய துரு
மழைக்கு மழை இறங்கிவந்து
பள்ளிச் சட்டையின் தோளில் உட்கார்ந்தது.
சொன்னேன்.
'வானம் அந்தப் பக்கம்தானே இருக்கு' என்றார்.
எட்டு மாதம் ஆகிறது.
மின்தூக்கியில் சேர்ந்து இறங்க நேர்ந்தால்
இருவரும் மாடி எண்களையே பார்ப்போம்,
நாளைக்குப் பரீட்சை போல.

வயர் வந்த பிறகுதான் தெரிந்தது
எங்கள் படம் பிந்தி வருகிறது என்று.
பூப்பந்து அரையிறுதி.
எங்கள் ஆள் இன்னும் துண்டால் முகம் துடைக்கிறான்,
அதற்குள் சுவருக்கு அப்பால்
'அடிச்சான்!' என்கிறார் மருதப்பன்.
யுவனேஸ் கைப்பேசியில் அளந்தான்:
பதினேழு நொடி.
அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.
சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு
ஒரு மனிதன் கதவைச் சாத்தியும் விடலாம்.

அன்றிலிருந்து நாங்கள் பார்த்தது ஆட்டமில்லை,
அவர் தொண்டைக்கு விளக்கப்படம்.
'ச்சே' என்றால் வலையில்.
மௌனம் என்றால்
கோட்டுக்குள்ளா வெளியா என்று
நடுவர் யோசிக்கிறார்.
ஒலியைக் கூட்டிப் பார்த்தோம்.
அவர் அதற்கும் மேலே கத்தினார்.

இறுதி ஆட்டத்தன்று நாலு மணிக்கே
கோம்பாக் பக்கம் கறுத்தது.
கோலாலம்பூர் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.
மூன்றாம் செட், பதினெட்டுக்குப் பதினெட்டு.
சுவர் அடங்கிவிட்டது.
அங்கே இப்போது என்ன தெரியும் என்று
இங்கிருந்தே எனக்குத் தெரியும்:
சதுரம் சதுரமாக உடையும் ஆட்டக்காரன்,
கை ஓரிடம், மட்டை ஓரிடம்,
பிறகு நீலத்திரை,
பிறகு பொறுத்திருக்கச் சொல்லும் ஒரு வரி.

எங்கள் படம் இம்மி பிசகவில்லை.
முதல்முறையாக
நாங்கள் முந்திப் பார்க்கிறோம்.
கத்தியிருக்கலாம்.
எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தேன்,
'காத்து வரட்டும்' என்று
யுவனேஸ் கேட்காமலே அவனிடம் சொல்லி.

கொஞ்ச நேரத்தில்
நடைபாதையில் ஜப்பான் சிலிப்பர் சத்தம்.
வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல்,
திரையிடம் கேட்டார்: 'எத்தனை?'
'பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.'
'சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே.'
'உட்காருங்க.'
சோபாவின் கடைசி விளிம்பில் உட்கார்ந்தார்,
சுவரில் தட்டை மாட்டியது மாதிரி.

மழை எப்போது விட்டதென்று
யாரும் கவனிக்கவில்லை.
எங்கள் ஆளுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி.
வலக்கையில் மட்டை, இடக்கையில் பந்து,
மூச்சை இழுத்து நிற்கிறான்.

சுவருக்கு அப்பாலிருந்து
சௌபாக்கியத்தின் குரல். ஒரே ஒரு சத்தம்.
ஆனந்தமா, அய்யோவா,
எனக்குப் பிடிபடவில்லை.
முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குப்
பிடிபட்டிருக்கும்.
யுவனேஸ் அவர் முகத்தைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
முட்டியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு
எங்களைப் போலவே காத்திருந்தார்.

பந்து அப்போதுதான்
கையைவிட்டுக் கிளம்பியது,
ஒவ்வொரு இறகும் தெளிவாக.