கொகுன்

யொகொத்தெ நகர மருத்துவமனை, மூன்றாம் தளம்.
தட்டோடு வரும் சீட்டில்
சோறா மீனா என்று எழுதுவதில்லை.
ஒரே ஒரு சொல்: தொரோதொரோ.
கஞ்சியும் தொரோதொரோ, மீனும் தொரோதொரோ.
தேநீரிலும் ஏதோ மாவைக் கலந்து
கரண்டியிலிருந்து இறங்க மனமில்லாமல்
தொங்கவிட்டிருக்கிறார்கள்.
கொழகொழ என்று தமிழில் சொல்லிவிடலாம்தான்.
ஆனால் கொழகொழவில் ஒரு முகச்சுளிப்பு உண்டு,
தொரோதொரோவில் இல்லை.
சுளிப்பது தொகாஷி எய்ஸோவின் வேலை.
பாதி முகத்தால்.

முப்பத்தொரு குளிர்காலம் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர்.
இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி
ஊர் விழிப்பதற்குள் தெருவைத் திருப்பிக் கொடுத்தவர்.
ஏழு மணிக்கு வீடு வந்து
நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்தால்
ஜுருஜுரு ஜுருஜுரு.
"வண்டியை இன்னும் அணைக்கவில்லையா?" என்பாள் மிட்சுயோ.
அந்த ஊரில் உறிஞ்சுவது தப்பில்லை.
அதற்கும் ஓர் அளவு உண்டு என்று
தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போய்
தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பாள்.

நவம்பரில் அவர் தலைக்குள் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது.

இப்போது அவள் தனியே சாப்பிடுகிறாள்.
தொலைக்காட்சி ஓடவில்லை.
ஒருநாள் அவரைப் போலவே உறிஞ்சிப் பார்த்தாள்.
புரையேறியதுதான் மிச்சம்.
யாரிடமும் சொல்லவில்லை.

விழுங்கப் பழக்க வருகிறவள் மினெகாவா.
ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைப்பதில்லை.
குரல்வளையின் ஓரம் வைத்து
கடைசி ரயிலுக்கு நிற்பவளைப் போல நிற்பாள்.
களகள என்றால் தப்பான வழியில் போயிற்று.
கொகுன் என்றால் நேரே இறங்கிற்று.

தாகத்தில் குடிப்பது கொகுகொகு.
அதைப் பாதியில் உடைத்து
ஒரு மெய்யெழுத்தால் மூடி போட்டால் கொகுன்,
ஒரே ஒரு விழுங்கல்.
என் மொழி இதற்கு ஒப்பாது.
இரட்டைச் சொல்லைப் பிரித்தால் பொருளில்லை என்பது அங்கே சட்டம்.
சலசலவில் ஒரு சல மட்டும்
எந்த ஓடையில் ஓடும்?
ஒரு மடக்கு என்கிறோமே என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
இங்கே பாதி பிழைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் எய்ஸோவுக்குப் பேச்சு கொஞ்சம் வந்தது.
முதலில் மனைவியின் பெயர் வரும் என்றிருந்தார்கள்.
வந்தது: "பொரி. பொரி."
நம் பொரி அல்ல.
புகையில் வாட்டி ஊறவைத்த முள்ளங்கியைக் கடித்தால்
பல்லுக்கும் காதுக்கும் நடுவில் நடப்பது.

"கூடவே கூடாது," என்றாள் மினெகாவா,
"இன்னும் ஆறு வாரமாவது."
மறுநாள் மிட்சுயோவின் கைப்பையில் அது இருந்தது.
"காட்டுவதற்கு மட்டும்."
மினெகாவா சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
பிறகு ஸ்டெதஸ்கோப்பை அவர் காதுகளில் மாட்டி
மறுமுனையை மிட்சுயோவின் தாடையில் அழுத்தி
"கடியுங்கள்" என்றாள்.

"இங்கேயா? சத்தம் கேட்குமே!"
"கேட்கத்தான்."

வாயைக் கையால் பொத்திக்கொண்டு கடித்தாள்.
பொரி.
கழுத்துவரை சிவந்தாள்.
பொரிபொரி. பொரிபொரிபொரி.
அடுத்த கட்டில்காரர் திரையை விலக்கி
இன்றைக்கு என்ன சாப்பாடு என்று எட்டிப் பார்த்தார்.
எய்ஸோ கண்களை மூடியிருந்தார்.
பாதி வாய் அசைந்தது. வெறும் வாய், மென்றது.
பிறகு குரல்வளை
ஒருமுறை ஏறி இறங்கியது.

ஊறிய எச்சில்தான்.
ஆனாலும் குறிப்பேட்டில் ஏற வேண்டிய சங்கதி.
ஸ்டெதஸ்கோப்போ அவர் காதில்,
அதன் முனை வேறொரு தாடையில்.
மினெகாவா பேனாவைத் திறந்து
"கொகுன், கேட்டது" என்று எழுதினாள்.
கேட்டது என்பதை அடித்தாள்.
"கண்டது" என்று திருத்தினாள்.

மிட்சுயோ இன்னொரு துண்டை எடுத்தாள்.