நூல் நடந்தது

ஷாஃப்டில் அந்த இரண்டு விரல்கடை அகலத்துக்கு
நான் போட்ட எண்
பூஜ்யம் புள்ளி நான்கு. மைக்ரான் கணக்கு.
ஆயில் சீலின் ரப்பர் உதடு
அங்கேதான் உட்கார்ந்து ஓடும்.

ஆனைமலைக் கயிற்று மில்லுக்குப் போன
பதினோரு கியர் பாக்ஸில் நான்கு ஒழுகின.
மாசிலாமணி போனில் சொன்னார்:
"பொட்டிக்கு அடியில சாக்கு விரிச்சிருக்கறனுங்க.
நாளைக்கு ஒரு சாக்கு."

சீலை மாற்றினோம். ஒழுகியது.
வேறு கம்பெனி சீல். ஒழுகியது.
ஷாஃப்டைக் கழற்றிவரச் சொல்லி
குறிச்சியில் எங்கள் சோதனை மேசையில் கிடத்தி
ஜெசிந்தா வைரமுனை ஊசியை இழுத்தாள்.
பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு.
நான் கேட்டதைவிட நயம்.
கண்ணாடி மாதிரி என்று சொல்ல மாட்டேன்.
கண்ணாடியில் எண்ணெய் தங்காது,
உதடு கருகிப்போகும்.
இது எண்ணெய் தங்குகிற மினுக்கம்,
அளவெடுத்த மினுக்கம்.
பிறகு ஏன்?

ஆவாரம்பாளையத்துக் கிட்டுச்சாமியைக் கூப்பிட்டேன்.
"காயிதத்துல போட்டிருந்தத
அப்புடியே குடுத்துப்போட்டனுங்க அம்மிணி.
லேத்துல கடைஞ்சு
கடசீல உப்புத்தாள வெச்சு
இப்புடிக்கா நாலு இழுப்பு."

எப்படிக்கா?

கொஞ்ச நேரம் லேத்துச் சத்தம் மட்டும் கேட்டது.
"எப்பவும் சோத்தாங்கைப் பக்கமாத்தானுங்க."

ஜெசிந்தாவின் பையில் தையல் நூல் இருந்தது,
மகளின் யூனிஃபார்முக்கு வாங்கிய கருநீலம்.
ஷாஃப்டைப் பூட்டி, எண்ணெய் தொட்டு,
நூலை மேலே மாலையாகப் போட்டு
முனையில் சின்ன நட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம்.
மெல்லச் சுற்றவிட்டோம்.

நூல் நடந்தது.
யாரும் தள்ளாமல், வெளிப்பக்கம் பார்த்து.
மாற்றிச் சுற்றினால்
வந்த வழியே திரும்பி நடந்தது.

மில்லில் அந்த நான்கு மட்டும்
மற்ற ஏழுக்கு எதிர்ப்பக்கம் சுற்றுபவை.
கண்ணுக்குத் தெரியாத மரை ஒன்று
இரவும் பகலும் எண்ணெயை அள்ளி
சாக்கில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது,
நான் கையெழுத்துப் போட்ட எண்ணுக்குள் இருந்தபடியே.
உழவு எவ்வளவு ஆழம் என்று எண் சொல்லும்.
ஏர் எந்தத் திக்கில் போனதென்று
அதனிடம் யாரும் கேட்கவில்லை.
நான் கேட்கவில்லை.

ரிவிஷன் சி.
வாத்தியார் போடும் சரிக்குறியின் சாயல்தான்
பரப்புக்கான குறியும்.
மேலே கோடிட்டு மூடினால்: கட்டாயம் கடை.
மூலையில் வட்டம் போட்டால்: தொடாதே.
சீல் ஓடும் இடத்தில் மூடிய குறி,
பக்கத்தில் எழுதினேன்:
பிளஞ்ச் கிரைண்டிங். கல் நகரக் கூடாது.
வரித்தடம் கூடாது. நூல் நிற்க வேண்டும்.

எழுதிவிட்டுப் பெட்டி மூடியின் டிராயிங்கைத் திறந்தால்
எல்லா முகத்திலும் பூஜ்யம் புள்ளி எட்டு.
போல்ட் தலைக்குக் கீழே, பெயின்டுக்குக் கீழே,
யாரும் எதுவும் உரசாத முதுகில்கூட.
ஏன் போட்டேன் என்றால்
போன வேலையில் இருந்தது.
அதற்கு முன்னால், பயம்.
போல்ட்டுக்கு ஆறு புள்ளி மூன்று ஆக்கினேன்.
கேஸ்கெட் முகத்துக்கு மூன்று புள்ளி இரண்டு,
பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.
முதுகில் வட்டம்.

"கல்லு நம்மகிட்ட இல்லீங்க,
கணபதிக்கு அனுப்போணும்.
ஷாஃப்டுக்கு இருபத்திரண்டு ரூவா சேரும்."
மூடியில் குறைத்திருக்கிறேன், பாருங்கள் என்றேன்.
காகிதம் புரளும் ஓசை.
"இத மொதல்லயே பண்ணியிருக்கலாமுங்கல்லொ."

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் சாம்பிள் வந்தது.
நீல நூல் ஷாஃப்டின் மேல் இருந்த இடத்தில் இருக்க,
நட்டு மட்டும் லேசாக ஆடியது.
ஜெசிந்தா நூறு சுற்று எண்ணினாள்.

மூடியைக் கையில் எடுத்தேன்.
வட்டம் போட்ட பக்கத்தைத் தொடவே இல்லை கிட்டுச்சாமி,
வார்ப்பின் மணல் இன்னும் ஒட்டியிருந்தது.
உள்ளங்கையில் கீறியது.
அதுவும் நான் எழுதியதுதான்.