டிக்கிக்குள் பதினோரு நிமிடம்

இது மூன்றாவது பேட்டரி என்றான் கோச்சா.
முதலாவது செத்தபோது பழியைக் கடைக்காரன்மேல் போட்டான்,
இரண்டாவதற்குக் குளிர்மேல்.
மூன்றாவதற்கு ஆள் அகப்படாமல்
ருஸ்தாவியில் என் பட்டறைக்கு வந்துவிட்டான்,
இன்னொரு டாக்சிக்காரன் தயவில் உயிர்பெற்ற வண்டியோடு.

நெகட்டிவ் கம்பியைக் கழற்றி
நடுவில் மீட்டரை வைத்தேன்.
வண்டி தூங்கட்டும், சாவியைத் தூரக் கொண்டுபோ.
வண்டியா தூங்கும்?
உள்ளே இருபது சின்ன மூளை இருக்கிறது,
ஒவ்வொன்றாகத்தான் கண்ணயரும். பேசாதே.

நாற்பது நிமிடம்.
ஆலைப் புகை கொஞ்சம் இடம் மாறியது.
அவன் சூரியகாந்தி விதை கொறித்து
தோலை என் தரையில் துப்பினான்.
எண் இறங்கி இறங்கி
புள்ளி நான்கு நான்கில்
உட்கார்ந்துவிட்டது.

கொஞ்சம்தானே லமாரா?
கொஞ்சம்தான்.
ராத்திரி முழுக்கச் சொட்டும் குழாயும்
அதைத்தான் சொல்லும்.

ஃபியூஸ்களைப் பிடுங்கினேன்.
ரேடியோ, அசையவில்லை.
இருக்கைச் சூடு, அசையவில்லை.
அவன் மச்சான் பொருத்திய காமிரா,
அதுவும் இல்லை
(கோச்சா முகத்தில் லேசான ஏமாற்றம்).
பதினேழைப் பிடுங்கியதும்
சடாரென்று புள்ளி பூஜ்யம் மூன்று.

பதினேழு என்றால் விளக்குகள்.
கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அணைந்தே இருந்தது.
மிச்சம் ஒன்று,
மூடினால் ஒருவரும் பார்க்க முடியாதது.
போனை உள்ளே வைத்துப் படம் எடுக்கலாம்.
என்னுடையதில் சார்ஜ் இல்லை,
அவனுடையதில் சவாரி வரும் நேரம்.
பதினேழைத் திரும்பச் செருகிவிட்டு
நானே ஏறிப் படுத்தேன்,
ஐம்பத்திரண்டு வயதில்,
முழங்கால் மூக்கைத் தொட.
மூடு என்றேன். மூடினான்.

அணையவில்லை.
இத்தனூண்டு பல்பு, ஐந்து வாட்.
குடத்துக்குள் இட்ட விளக்கு
குடத்துக்காகவே எரிந்துகொண்டிருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன், திற!
அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.
விமான நிலையம், எத்தனை பெட்டி, எத்தனை பேர் என்று
அவன் குரல் கேட் வரை போய்
அதற்கு அப்பாலும் போனது.

சரி. வெளிச்சம் இருந்தது, பார்த்தேன்.
விரிப்பின் ஓரத்தில் ஒரு வண்டல் கோடு,
அளவுகோல் வைத்துப் போட்டதுபோல்.
முன்பக்கம் லேசான இடி, அவ்வளவுதான்
என்று சொல்லித்தானே விற்றார்கள்.
ஏதோ ஓர் அமெரிக்க வீட்டு ஷெட்டில்
இந்த உயரத்துக்குக் கடல் நின்றிருக்கிறது.
பிறகு ஏலம், கப்பல், போத்தி துறைமுகம்,
கோச்சாவின் கடன்.
பூட்டுக்குள் இருக்கும் சுவிட்சை நகத்தால் சுரண்டினேன்.
பச்சையாய் உப்புப் பூத்திருந்தது.
மூடியாகிவிட்டது என்று
அது யாருக்கும் சொல்லவே இல்லை.

தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் பிடி.
டிக்கியிலிருந்து பாய்ந்து ஓடும் ஒரு மனிதன்
அதில் வரையப்பட்டிருந்தான்.
இழுத்தால் திறக்கும்.
உடனே இழுக்கவில்லை.
காலையிலிருந்து ஒருவரும் என்னைக் கூப்பிடாத
முதல் இடம் அது.

லமாரா? எங்கே போய்த் தொலைந்தாள்?
காலடிகள் பட்டறையைச் சுற்றி வந்தன.
கழிவறைக் கதவைத் தட்டினான்.
அதன்பிறகுதான் இழுத்தேன்.

எரியுதா என்றான்.
பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றி
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
ஐயோ என்று கீழே போட்டான்.
குனிந்து தேடி எடுத்து
ஊதி ஊதி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
மூன்று பேட்டரி தின்ற வாய் எங்கே என்று.

சுவிட்சுக்குப் பதினைந்து லாரி.
விளக்குமாறு அந்த மூலையில்.
விதைத் தோலைக் கூட்டிவிட்டுப் போ.