பத்துப் பென்னி

ஹல் நகரத்தில், மீன்சந்தைக்குப் பின்னால்,
வலை பின்னுகிறவர்களின் கிடங்குக்கு மேல்மாடியில்
எழுபத்திரண்டு பிப்ரவரியில் பதினொரு இரவு பதிவு செய்தோம்.
சத்தம் வெளியே போகாமலிருக்க
ஜன்னல்களை மெத்தைகளால் அடைத்திருந்தோம்.
மீன்வாடை எப்படியோ உள்ளே வந்தது.

நான் ஐடா கார்பட்.
நாடா இயந்திரத்தை ஓட்டுவது, தேநீர் போடுவது,
மின்சார மீட்டரில் காசு போடுவது என் வேலை.
இசைத்தட்டின் உறையில் என் பெயரைத் தேடாதீர்கள்.

டென்சில் ஸ்டேதர் சளி கட்டிய தொண்டையால் பாடினான்.
பேஸ் வாசித்த ராய் பிளென்கின் யாரோடும் பேசமாட்டான்,
அந்த வாரம் தன் கருவியோடும் பேச்சில்லை.
டிரம்ஸ் வில்ஃப் கார்ட்டன்.
கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அடிப்பான்.

கடைசிப் பாட்டு, ஆறாவது தடவை.
அதுவரை மூன்று பேரும்
ஒரே பேருந்தில் ஏறிய மூன்று அந்நியர்கள்.
ஆறாவது தடவை ஒருவனை ஒருவன் கேட்டான்.
என் கழுத்தின் பின்புறம் சிலிர்த்தது.
இருட்டு.

இதில் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்:
மின்சாரம் போனால் பாட்டு சரியுமாம்,
கயிறறுந்த வாளி மாதிரி.
இல்லை.
பதியும்போது தளர்ந்த நாடாவைப்
பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால்
குரல் ஏறும்.
டென்சிலின் கரகரப்பு ஒரு சிறுவனுடையதாகி
கடற்காக்கையுடையதாகி
ஊசிமுனையாகி
இல்லாமல் போகும்.
ஒன்றரை வினாடி இருந்தால் அதிகம்.

வெட்டிவிடலாம் என்றார் தயாரிப்பாளர் த்வெய்ட்.
வெட்டினால் முடிவில்லை,
திரும்ப எடுக்கப் பணமில்லை.
அப்படியே போனது அச்சுக்கு,
‘குளிர்காலக் கட்டணம்’ என்ற பெயரோடு.

மே மாதம் ஆப்ரி ஸ்பர்லிங் எழுதினார்,
பூட்ஸ் பாலிஷ் விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி:
“ஆறிய தேநீர்.
முடிவில் யாரோ பூனையை மிதித்துவிடுகிறார்கள்.”
விற்காத தட்டுகள் கிடங்குக்கே திரும்பி வந்தன.
வலைக்காரர்கள் சூடான குவளைகளை அவற்றின்மேல் வைத்தார்கள்.
டென்சில் பதினைந்தாம் எண் பேருந்தை ஓட்டப் போனான்.

இருபத்தாறு வருடம் கழித்து அதே ஸ்பர்லிங்,
தலைமுடி போய் மரியாதை வந்த ஸ்பர்லிங்,
நூறு மகத்தான ஆல்பங்களில் இதைப் பதினான்காவதாக வைத்தார்:
“வேலைநிறுத்தம் நாட்டை இருட்டாக்கிய இரவில்
இருட்டையே வாத்தியமாக்கினார்கள்.
அந்த ஏற்றம், ஒரு தேசத்தின் உயிர் கிளம்பும் ஓசை.”
பூனையைப் பற்றிப் பேச்சே இல்லை.
டென்சில் அதைப் படிக்கவில்லை.
இரண்டு வருடம் முன்பே புதைத்துவிட்டிருந்தோம்.

எங்கள் தெருவுக்கு மின்வெட்டு வியாழக்கிழமை.
அன்றைக்குச் செவ்வாய்.
யாராவது ஒரு மெத்தையை விலக்கியிருந்தால்
தெருவிளக்கு எரிவது தெரிந்திருக்கும்.
மீட்டருக்கு வைத்திருந்த பத்துப் பென்னிக்கு
நான் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டேன்.

போன வருடம் ஒரு பத்திரிகைப் பையன் வந்தான்.
“அந்த இருட்டில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”
“மீட்டர் பக்கத்தில். காசு தேடிக்கொண்டு.”
சிரித்தான், குறித்துக்கொண்டான்.
அச்சில் வந்தது: ‘பதில் சொல்லாமல் புன்னகைத்தார்.’

அவன் கேட்காததை இங்கே வைக்கிறேன்.
வில்ஃப் நிறுத்தவில்லை.
அவன் இமைக்குள் எப்போதும் இருட்டுதானே,
புதிதாக ஒன்றும் நடக்கவில்லை அவனுக்கு.
மைக் செத்த பிறகு டென்சில் வெறும் வாயால் பாடினான்.
ராயின் நரம்புகள் ஒலிபெருக்கி இல்லாமல்
பக்கத்து அறையில் யாரோ நடப்பதுபோல் கேட்டன.
ஒன்பது நிமிடம்.
என் இயந்திரம் சும்மா நின்றது.
நான் வினிகர் ஈரம் காயாத விரல்களோடு
கோட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்,
கிடைத்துவிடக் கூடாதே என்றும்.

பேஸ் நின்றது.
இருட்டில் என்னை உரசிக்கொண்டு ராய் போனான்.
மீட்டருக்குள் காசு விழும் சத்தம்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை,
அப்போதும், பிறகும்.

விளக்கு வந்தது.
வில்ஃப் கண்ணைத் திறந்தான்.
“சரியா வந்துச்சா?” என்றான்.