பத்தொன்பது சென்டிமீட்டர்

ஒன்பது மாடிக் கட்டடங்களில்
லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான்.
உயரம் என்றால் எனக்குக் கம்பி, எடை, கிரீஸ் நாற்றம்.
செடி என்றால் ஒன்றுமே இல்லை,
எதிர்வீட்டு ஸ்கைத்ரீதே
அயர்லாந்துக்குக் காளான் பறிக்கக் கிளம்பும்வரை.

பெட்டிகளைக் கீழே இறக்கிவிட்டு
மறுபடி ஐந்தாம் மாடிக்கு ஏறி வந்தாள்.
தயிர் டப்பா அளவில் ஒரு தொட்டியை
என் கையில் வைத்தாள்.
"பெப்பரோமியா. குட்டி. வளர்ந்துவிடும்.
வந்து வாங்கிக்கொள்கிறேன்."

இஸ்திரி காணாத சட்டைபோல்
சுருக்கம் சுருக்கமாய்க் கரும்பச்சை இலைகள்.
அன்றிரவே எஃகு அளவுகோலை மண்ணில் ஊன்றினேன்:
பதினாறு.

ரீகாவின் குளிர்கால வெயில்
ஒன்பதுக்கு வந்து மூன்றரைக்கெல்லாம்
கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் குமாஸ்தா.
அதை நம்பித்தான் அது ஜன்னல் விளிம்பில் நின்றது.
தௌகவாவில் பனிக்கட்டி உடைந்த வாரம் பதினெட்டு.
கோடையில் எலிவால்போல் நாலைந்து தண்டுகளை நீட்டியது.
அதுதான் பூவாம்.
பிறகு பத்தொன்பது.
பிறகும் பத்தொன்பது.
இரண்டு வருடம் என் நோட்டில்
வேறு எண்ணே கிடையாது.

நின்றுபோன லிஃப்ட் என்றால்
எங்கே சிக்கியது என்று சத்தத்திலேயே சொல்வேன்.
இதில் எந்த மூடியைக் கழற்ற?

தொட்டி போதவில்லை போலும் என்று
வாளி அளவில் ஒன்று வாங்கினேன்.
மண் நிறைய, தண்ணீர் நிறைய,
விருந்தாளி இலையில் அள்ளி வைப்பதுபோல.
பத்தே நாளில் காம்புகள் கூழாயின.
தூக்கினால் வேர் என்று கையில் வந்தது
ஈரத் தேயிலைச் சக்கை, ஒரு பிடி.

சலாஸ்பில்ஸ் தாவரத் தோட்டத்தில்
நகமெல்லாம் மண்ணாக ஒரு பெண்,
சட்டையில் 'தைகா' என்று பெயர்.
பையைத் திறந்து காட்டினேன்,
விபத்து அறிக்கை எழுதிக் கொடுப்பவன்போல.

"எவ்வளவு உயரம் இருந்தது?"
"பத்தொன்பது. இரண்டு வருடமாக."
"பிறகென்ன, அது வளர்ந்து முடித்த ஆள்.
பிரேசில் காட்டில், பெரிய மரங்களின் நிழலில்
பாசிக்குள் ஒண்டிக் குடியிருப்பது.
ஒரு பிடி மண்ணுக்குமேல் கேட்காது.
மிளகுக்குச் சொந்தம்தான்,
ஆனால் ஏற ஆசையில்லை."

மிளகா?
தினமும் பீட்ரூட் சூப்பில் தூவுகிறேனே, அதுவா?

அழுகாத இலை ஒன்றே ஒன்று இருந்தது.
காம்போடு நறுக்கிக் கொடுத்தாள்.
மணலில் நட்டு ஜாம் பாட்டிலைக் கவிழ்த்தேன்.
ஒரு மாதம், பாட்டிலுக்குள் வியர்வை மட்டும்.
அடுத்த மாதம் காம்படியில்
கடுகளவு ஒரு சுருக்கம்.
மூச்சு பட்டால் கலைந்துவிடுமோ என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தேன்.
அளவுகோல் வேலைப் பையிலேயே கிடந்தது.

ஆறாம் வருடம் நவம்பரில் வந்தாள் ஸ்கைத்ரீதே,
ஒரு வாரத்துக்கு, பல் கட்ட.
அங்கே பல்லுக்கு விலை அதிகமாம்.
"லிஃப்ட் இன்னும் இரண்டாம் மாடியில் இருமுகிறதே"
என்றபடி கோட்டைக் கழற்றியவள்
காபி ஊற்றுமுன் ஜன்னலைப் பார்த்துவிட்டாள்.

"அட, அப்படியே இருக்கிறது!
விரல்நுனிகூட வளரவில்லையே."

ஒற்றை இலை. மணல். ஜாம் பாட்டில்.
தரைக்கும் கீழேயிருந்து அது ஏறி வந்த மாடிகள்.
வாய்வரை வந்தது.

"ஆமாம்" என்றேன். "இவ்வளவுதான் வளருமாம்."

கைப்பையில் இடமில்லை என்று சொல்லி
ஒரு இலையை மட்டும் புரட்டிப் பார்த்தாள்.
அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருந்தது.
"இது எனக்குத் தெரியாதே" என்றாள்.

அவள் விமானம் ஏறிய இரவு
பையைத் துழாவி அளவுகோலை எடுத்தேன்.

பதினெட்டே முக்கால்.