முப்பத்தொன்று

ஹார்பினில் ஜனவரி. ஜன்னலுக்கு வெளியே
மூச்சு விடுகிற எல்லோரும்
புகைபிடிப்பவர்கள் போலிருக்கிறார்கள்.

ஷியே பாவ்தியான் நிஜமாகவே புகைத்தவர், முப்பத்தாறு வருடம்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் லாட்டரிக் கடை.
வலது மூச்சுக்குழாயின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி.
கிள்ளிப் பார்த்தால்தான் அதன் பெயர் தெரியும்.
கிள்ளினால் ரத்தம் வரலாம்.

வருமா என்று கணிக்க எங்களிடம் ஒரு தாள் உண்டு.
கட்டி எந்தக் கிளையில், மேலே ரத்தநாளம் தெரிகிறதா,
தட்டணுக்கள் எத்தனை, ஸ்கேனில் எவ்வளவு வெளுக்கிறது,
ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டிக் கோடு இழுத்தால்
முப்பத்தொன்று.

“நூற்றில் முப்பத்தொரு பேருக்கு” என்றேன், கவனமாக.
சிரிக்கப் போனார். இருமல் முந்திக்கொண்டது.
“டாக்டர், அந்தக் கணக்கில் பரிசு விழுமென்றால்
என் கடை வரிசை சோங்ஹுவா ஆற்றுப் பனிமேல் நிற்கும்.
இத்தனை வருடம் விற்றேன், எனக்கென்று ஒரு சீட்டுக் கிழித்ததில்லை.
இதை வாங்கிக்கொள்கிறேன்.”
கையெழுத்தின் நடுவில் பேனா ஒருமுறை மக்கர் செய்தது.

ஐஸில் வைத்த உப்புநீர், அட்ரினலின், அடைக்க ஒரு பலூன்,
ரத்த வங்கிக்கு முன்கூட்டியே ஒரு போன்.
செவிலி ஹுவோ லான் குளிர்ந்த ஊசிக்குழலைப் பிடித்தபடி
விரல் மரத்துப்போக நின்றாள்.
இடுக்கி கவ்வியது. நான்கு துணுக்கு.
திரையில் ஒரு சிவப்புச் சொட்டு எட்டிப் பார்த்து
யோசித்து
நின்றுவிட்டது.

மதியம் ஒரு பள்ளி ஆசிரியை. தாள் சொன்னது நான்கு.
நான்குக்கு யாரும் ஐஸ் எடுத்து வைப்பதில்லை.
குளிர்பெட்டி அடுத்த அறையில், பதினோரு எட்டு.
திரை முழுக்கச் சிவந்து வேறெதுவும் தெரியவில்லை,
லான் ஓடுகிற சத்தம் மட்டும்.
ரத்தம் வரும் பக்கம் கீழே இருக்கப் புரட்டினோம்,
மற்ற நுரையீரலாவது மூழ்காமல் இருக்கட்டும் என்று.
பதினெட்டு நிமிடம். பிழைத்தார்.

தாள் பொய் சொல்லவில்லை.
நான்கைப் பூஜ்யம் என்று படித்தவன் நான்.

இரவு அட்டவணையில் பதிகிறேன்:
அவருக்கு 0. ஆசிரியைக்கு 1.
அடுத்த வருடம் இந்த இரண்டும் சேர்ந்து
யாரோ ஒருவருடைய எண்ணைச் சற்றே நகர்த்தும்,
தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம்.

வார்டில் பாவ்தியான் தூங்கவில்லை.
மரத்த தொண்டையால் கேட்டார்: “என் எண் விழுந்ததா?”
“இல்லை.”
“பார், நான் சொன்னேனே” என்றார் மனைவியிடம்,
“ராசியில்லாத கை.”

துணுக்குகளின் முடிவு வியாழக்கிழமை வரும்.
அதற்கு எங்களிடம் தாள் இல்லை.