ஒன்றரை கிலோமீட்டர்

பொய்கையைத் தாண்டி, பள்ளிகொண்டாவுக்கு முன்னால்,
பெங்களூர் ரோட்டு நடுத்திட்டில்
இரண்டு சிமென்ட் கட்டை குறைந்திருக்கும்.
நானும் டீக்கடை சம்பங்கியும்தான் பெயர்த்தோம்.
கடப்பாரை என்னுடையது.
பாலத்தடியில் போய்த் திரும்பி வர
ஒன்றரை கிலோமீட்டர்.
ஒரு பஞ்சருக்காக எவன் சுற்றுவான்?

முதலில் சைக்கிள் நுழைந்தது.
அப்புறம் பைக், பால் கேன் கட்டிய டிவிஎஸ்,
ஷேர் ஆட்டோ.
செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு
மாடுகளும் அதே வழியில் வந்தன;
அவையாவது
ஏறுமுன் நின்று பார்த்தன.

ரோட்டுக்காரர்கள் மூன்று தரம் அடைத்தார்கள்.
மூன்று தரமும் விடியுமுன் திறந்துகொண்டது.
'கடக்காதீர்' என்று பலகை நட்டார்கள்.
சம்பங்கி அதன்மேல்
டீ வடிகட்டும் துணியைக் காயப்போட்டான்.

லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போன கதைகள்
பெஞ்சில் தினமும் நடந்தன.
"இத்தினியூண்டு கேப்புல உட்டேன் பாரு"
என்று விரலிடுக்கில் அளந்து காட்டுவான் ஒருவன்.
"இன்னா ஆயிடப் போவுது?" என்பான் இன்னொருவன்.
பதிலுக்காகக் கேட்ட கேள்வியில்லை அது.
தப்பித்ததை எல்லாம்
திறமைக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.
லாரிக்காரன் மிதித்த பிரேக்கை
யாரும் எதிலும் எழுதவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், தூறல்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் லோகேஸ்வரன்
காலையில் பின்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
கூட்டாளி வண்டியை வாங்கிக்கொண்டு போயிருந்தான்.
ஏழு மணிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து போன்:
"அண்ணா, ரெடியா? சுத்திக்கினு வரட்டா?"
எனக்கு ஷட்டர் இறக்கும் அவசரம்.
"எதுக்கு சுத்தற? கேப்புல வா."

ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தான்.
முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஸ் டிரைவர், நாட்றம்பள்ளிக்காரர்,
ஈர ரோட்டிலேயே உட்கார்ந்து
"ஹாரன் அடிச்சேன், நான் ஹாரன் அடிச்சேன்" என்று
என் கடைப் பலகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.
பள்ளிகொண்டாவிலிருந்து வந்த ஆம்புலன்ஸ்
எங்களைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிற்று.
நாங்கள் வெட்டிய சந்தில் அது நுழையாது.
பாலத்தடிக்குப் போய்,
சுற்றி வந்தது.

சக்கரம் ஆணியில் தொங்கியது.
மாதம் ஒருதரம் காற்று இறங்கும்.
அடித்து வைப்பேன்.

புரட்டாசியில் வந்தான், மூன்று சக்கர ஸ்கூட்டரில்,
பாலத்தடி வழியாக.
பின்னால் தங்கை இளவரசி,
மடியில் ஊன்றுகோல்.
"அந்த நாளே ஞாபகத்துல இல்லண்ணா.
எதுக்கு இந்தப் பக்கம் திரும்பினேன்னே தெரியல.
டாக்டர் சொல்ட்டாரு, அது திரும்பி வராதாம்."
நான் சக்கரத்தைத் துடைத்தேன்.
துடைத்த இடத்தையே துடைத்தேன்.
"எவ்ளோண்ணா?" என்றான்.
எண்பது என்று வாய் சொல்லிவிட்டது.
கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

இப்போது அங்கே இரும்பு வேலி.
நேற்று ராத்திரி இரண்டு பையன்கள் ஷட்டரைத் தட்டினார்கள்.
"அண்ணா, உங்ககிட்ட கடப்பாரை இருக்குதாமே?"
"யார்ரா சொன்னது?"
"சம்பங்கிண்ணன்."
கதவுக்குப் பின்னால்தான் சாத்தியிருந்தது.
இல்லை என்றேன்.
"பாலத்தடியில சுத்திக்கினு போங்கடா" என்றேன்.
அதில் ஒருவன் சிரித்தான்,
நான் சிரிக்கிற மாதிரியே.

படுத்த பிறகு
கம்பியில் ஏதோ உரசும் சத்தம்.
எழுந்து விளக்கைப் போட்டேன்.
நின்றது.
அணைத்தேன்.
மறுபடி.